கேலரி இல்லாத ஊரில் கண்காட்சியும் சுவரோவியமும் நடத்துவது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஆறு பேர் சேர்ந்து வரைகிறீர்கள். கண்காட்சி ஒன்று நடத்த ஆசை. ஊருக்குள் நீளமான ஒரு மதிலில் பெரிதாக ஓவியம் தீட்டவும் ஆசை. நாகர்கோவிலில் சொல்லிக்கொள்கிற மாதிரி கேலரி இல்லை, சென்னைக்குப் படங்களைத் தூக்கிக்கொண்டு போகக் கையில் காசில்லை. எங்கே தொடங்குவது, ஆள் வருமா, மதிலில் வரைந்தது எத்தனை வருஷம் நிற்கும் என்று முக்கியமாக மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலை என்று எனக்குப் படுகிறது: நாங்கள் வரைந்து வைத்துவிட்டுப் போனபின் அதை யார் பார்ப்பார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் போர்டு எழுதும் கடையில் தொழில் பழகி, பிறகு பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மதில், கோவில், சர்ச், பள்ளிக்கூடம் என்று சுவர் வேலை நிறையச் செய்திருக்கிறேன். சுவரைப் பற்றியும் பெயின்டைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். சட்டம் பற்றி, வேலை செய்பவன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குப் பேசுவேன். படம் விற்குமா என்பதில் நான் சொல்வது வெறும் அபிப்பிராயம்தான்.

‘நம்ம ஊர்ல ஓவியத்த யாரு பாக்கா’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்ப மாட்டேன். குலசேகரம் பக்கம் திருநந்திக்கரைக் குடைவரைக் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? 8-ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் குடைவரை அது. சுவரில் இன்று மிஞ்சியிருப்பவை மங்கிய சில கோடுகளும் வண்ணத் திட்டுகளும்தான். ஆனால் கேரள பாணிச் சுவரோவியம் என்று இன்று சொல்லப்படும் மரபின் மிகப் பழைய தடயங்களாகக் கலை வரலாற்றாளர்கள் காட்டுவது அந்தத் திட்டுகளைத்தான். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் கருவறைச் சுவரில் ஓவியம் உண்டு. சுசீந்திரம் கோபுரத்துக்கு உள்ளே ஏறினால் ஓவியம் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. அதன் உப்பரிகை மாளிகையின் மேல்தளத்துப் பூஜை அறையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்துச் சுவரோவியங்கள் நாலு பக்கமும் நிறைந்திருக்கின்றன. அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். அந்த மேல்தளத்துக்குச் சாதாரணமாகப் பார்வையாளர்களை விடுவதில்லை. அதனால் உள்ளூர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. இதைத் தவிர டிசம்பரில் ஊருக்கு ஊர் கட்டும் கிறிஸ்துமஸ் குடில்களை வரிசையில் நின்று பார்க்கிற கூட்டம், ஓணத்துக்கு மேற்குப் பக்கம் போடும் அத்தப்பூக் கோலத்தை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற கூட்டம், தேர் அலங்காரத்தைக் குறை சொல்லியே பார்க்கிற கூட்டம், எல்லாம் இங்கேதான் இருக்கிறது. பார்க்கும் கண் இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

பழைய ஓவியங்களை இழுத்ததற்குக் காரணம் உண்டு. அவை எப்படி இத்தனை காலம் நின்றன என்று பார்த்தால் உங்கள் மதிலுக்கு வேண்டிய பாடம் பாதி கிடைத்துவிடும். அந்த முறையில் முதலில் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரையைப் பூசுவார்கள். மேலே சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, இளநீரும் சேர்த்து, 25 தடவைக்குக் குறையாமல் அடிப்பார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. அப்படிக் காய்ந்து வெளுத்த சுவரில்தான் வண்ணம். காவி மண்ணிலிருந்து சிவப்பு, மஞ்சள் மண்ணிலிருந்து மஞ்சள், அவுரியிலிருந்து நீலம், விளக்குக்கரியிலிருந்து கறுப்பு, மரப்பிசின் மஞ்சளோடு அவுரி சேர்த்துப் பச்சை, வெள்ளைக்குச் சுவரின் சுண்ணாம்பே. வண்ணம் ஒட்ட வேப்பம்பிசின். ஓவியத்தின் அழகைப் பேசுகிற பலர் அந்த 25 பூச்சைப் பேசுவதில்லை. வேலையில் பெரும்பகுதி ஓவியன் கை வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அடுத்தது, அந்தச் சுவர்கள் எல்லாம் கூரைக்கு அடியில் இருக்கின்றன. மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆள் ஒருவர் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார், கோவிலோ அரண்மனையோ. உங்கள் மதிலுக்குக் கூரை கிடையாது. ஆகவே சுவரைத் தயார் செய்வதும் பொறுப்பாளரைத் தேடுவதும் உங்களுக்கு இன்னும் முக்கியம். படம் என்ன என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

முதலில் சுவர். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. நடுவில் சுவர் முழுதாகக் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். கடற்கரை ஊர் என்றால் உப்புக் காற்று வேறு. சுவரோவியம் கெடுவது பெரும்பாலும் முன்பக்கம் அடிக்கும் மழையால் அல்ல, பின்பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் ஏறும் ஈரத்தால். மதிலுக்குப் பின்னால் மண் மேடாக இருந்தால், அல்லது சானலோ (பாசன வாய்க்கால்) சாக்கடையோ ஒட்டிப் போனால், தண்ணீர் செங்கல் வழியாக முன்பக்கம் வந்து ஆவியாகும். வரும்போது சிமென்டிலும் மணலிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டுவரும். தண்ணீர் போய்விடும், உப்பு பெயின்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும். பூத்த உப்பு பெயின்டைத் தள்ளும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டாக இருந்தாலும் அங்கே உரியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சோதனை எளிது. ஓரடிச் சதுரப் பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் போகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்தால் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்த்திருந்தால் அந்தச் சுவர் ஓவியத்துக்கு ஆகாது, அல்லது இன்னும் காயவில்லை. தரையோரம், நடு, மேல் என்று மூன்று இடத்தில் ஒட்ட வேண்டும், ஏனென்றால் அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்கும். பழைய பெயின்ட் உள்ள சுவர் என்றால் கையால் தேயுங்கள். கையில் மாவாக ஒட்டினால் அதைத் தேய்த்து எடுக்காமல் மேலே எதை அடித்தாலும் நிற்காது. பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட வேண்டும். பாசிமேல் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தால் பாசி அடுத்த ஆடிக்குள் படத்தின் வழியாக எட்டிப் பார்க்கும். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் விடுங்கள். புதுச் சிமென்டின் காரம் சில வண்ணங்களைத் தின்றுவிடும்.

எனாமல் என்ற எண்ணெய்ப் பெயின்ட் வேண்டாம். போர்டு எழுதிய காலத்துப் பழக்கத்தில் இன்னும் சிலர் மதிலுக்கு எனாமல் சொல்வார்கள். பளபளப்பாக இருக்கும், முதல் மழைக்காலத்தில் அழகாகவும் இருக்கும். ஆனால் அது சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் மூடிவிடும், பிறகு கொப்பளமாகப் பொங்கும். வெளிச்சுவருக்கென்று வரும், தண்ணீர் கலந்து அடிக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷன் ஓரளவு மூச்சு விடும். அதற்கு ஏற்ற எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், அடித்தள நிறம் இரண்டு கோட், அதன்மேல் படம். கணக்குக்குச் சொல்கிறேன்: 10 அடி உயரம், 40 அடி நீளம் என்றால் 400 சதுர அடி. பிரைமர் லிட்டருக்கு 100 சதுர அடி போகும் என்று வைத்தால் 4 லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்தால் 8 லிட்டர். சொரசொரப்பான சுவர் இதைவிடக் குடிக்கும். படத்துக்கான வண்ணங்கள் இதற்கு மேல். ஸ்டெய்னர் என்ற நிறக் கலவையை வெள்ளையில் கலந்தே எல்லா நிறத்தையும் எடுத்துவிடலாம் என்று நினைப்பார்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டி ஸ்டெய்னர் ஊற்றினால் பெயின்ட் சரியாகக் காயாது, மழையில் ஒழுகும். அழுத்தமான நிறங்களைக் கடையில் மிஷினில் கலந்தே வாங்கி, ஷேடு நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு கையளவு இடத்தை ஒட்டுப்போட அந்த நம்பர் இல்லாமல் முடியாது.

வெயிலைத் தாங்கும் நிறம், தாங்காத நிறம் என்று உண்டு. இரும்புக் காவிச் சிவப்பு, மஞ்சள் காவி, பழுப்பு, கரிக்கறுப்பு, வெள்ளை ஆகியவை பல ஆண்டு நிற்கும். இப்போது வரும் நீலமும் பச்சையும் கூட நன்றாக நிற்பவை. ரோஸ், ஊதா, எலுமிச்சை மஞ்சள், ஃப்ளோரசென்ட் வகையறா எல்லாம் முதலில் போய்விடும். அதனால் படத்தின் உருவம் எந்த நிறங்களை நம்பி இருக்கிறதோ, அவை காவிக் குடும்பத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரோஸ் போனாலும் முகம் முகமாக இருக்க வேண்டும். தெற்கும் மேற்கும் பார்த்த சுவர் வெயிலையும் தென்மேற்கு மழையையும் சேர்த்து வாங்கும். வடக்கு பார்த்த சுவர் கிடைத்தால் அதை எடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடிக்குப் படம் வேண்டாம். காவியோ கருஞ்சாம்பலோ ஒரு பட்டை விடுங்கள். பஸ் தெறிக்கும் சேறும் மழைத்துளி தெறிக்கும் மண்ணும் அங்கேதான் விழும். வருஷம் ஒருமுறை அந்தப் பட்டையை மட்டும் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

சந்தேகமான இடம் ஒன்று உண்டு, படத்துக்கு மேலே அடிக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு. நிறம் மங்காமல் காக்கும் என்று விற்பார்கள். நன்றாக நின்றதையும் பார்த்திருக்கிறேன், மஞ்சளாகித் தோலாக உரிந்ததையும் பார்த்திருக்கிறேன். சுவர் முழுக்கக் காய்ந்ததாக, பின்னால் ஈரம் வராததாக இருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. ஈரச் சுவரில் அது எனாமல் செய்யும் கேட்டையே செய்யும். நான் அடிக்காமல் விடும் கட்சி. எத்தனை வருஷம் நிற்கும் என்பதற்கும் யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. ஒழுங்காகத் தயார் செய்த சுவரில், உள்நாட்டில் ஆறேழு வருஷம் முகம் கெடாமல் இருக்கும், கடலோரத்தில் அதில் பாதி என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கூடுதலாக நின்றால் லாபம்.

இனி மதில் யாருடையது என்ற கேள்வி. ‘பொது மதில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பொது மதில் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு மதிலுக்கும் உடைமைக்காரர் உண்டு. தக்கலை பத்மநாபபுரம் நகராட்சிக்குள் வருகிறது. நகராட்சியின் மதில் என்றால் ஆணையரிடம் போக வேண்டும். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் சம்மதித்தாலும் முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்து வாங்குவது நல்லது. ரயில்வே சுவர் என்றால் நம் மாவட்டம் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் வருவதால் கடிதம் அங்கே போக வேண்டும். மதில் ஒருவருடையது, சாரம் நிற்கும் தரை இன்னொருவருடையது என்ற சிக்கலும் வரும். உங்கள் ஊர் வழியாகப் போவது தேசிய நெடுஞ்சாலை. சாலை எல்லைக்குள் சாரத்தின் கால் நின்றால் நெடுஞ்சாலைத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொது இடங்களை விகாரப்படுத்துவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. போஸ்டர்காரர்களுக்குப் பெரிதாகப் பயம் இல்லை என்பது வேறு விஷயம். உங்கள்மேல் யாராவது புகார் எழுதினால் கையில் காட்ட ஒரு தாள் வேண்டும். வாய்மொழியில் ‘தாராளமா வரைங்க’ என்ற அதிகாரி அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார். பத்மநாபபுரம் கோட்டை மதிலையோ வேறு பழைய கட்டடத்தையோ பெயின்ட் டப்பாவோடு நெருங்கவே வேண்டாம். அதற்கு அனுமதி கேட்டுக்கூடப் போகக்கூடாது.

என் யோசனை, முதல் மதிலுக்கு அரசு அலுவலகத்துக்கே போகாதீர்கள். ஒரு நூலகம், ஒரு தனியார் பள்ளி, ஒரு ரைஸ் மில், ஒரு ஆஸ்பத்திரி, தெருவைப் பார்த்த மதில் உள்ள ஒருவரின் வீடு, இப்படித் தினமும் அந்தச் சுவரைக் கடக்கும் உடைமைக்காரர் ஒருவரைப் பிடியுங்கள். போஸ்டர் ஒட்ட வருகிறவனைச் சத்தம் போட அவர் ஒருவர் போதும். வேலையில் தெருப் பிள்ளைகளைச் சேருங்கள். கீழ்ப்பகுதியில் அவர்களுக்கு எட்டும் உயரத்தில் நிறம் நிரப்பக் கொடுங்கள், பார்டர் கொடுங்கள். கோடு தாண்டினால் நீங்கள் திருத்திக்கொள்ளலாம். தான் நிறம் அடித்த மீனில் ஒருவன் ஆணியால் கீறினால் அந்தப் பையன் சும்மா விடமாட்டான். சிறுநீர் கழிக்கிறார்கள் என்று மும்மதச் சாமி டைல் பதிக்கும் வழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட இது வேலை செய்கிறது, சாமிகளுக்கும் மரியாதை.

சாமி என்றதும் படத்தின் பொருளுக்கு வருகிறேன். தர்காவும் சர்ச்சும் கோவிலும் ஒரே கடைத்தெருவில் இருக்கும் ஊர் உங்களுடையது. எல்லா மதத்தையும் சேர்த்து ஒற்றுமைப் படம் வரையலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம் என்பேன். மண்டைக்காட்டில் 1982-இல் நடந்த மதக் கலவரத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. யார் படம் நடுவில், யார் படம் ஓரத்தில், எது பெரிது என்று அளக்க நாலு பேர் வருவார்கள். நல்லெண்ணம் எல்லாம் அளவுகோலில் போய் முடியும். கட்சித் தலைவர்களும் அப்படியே. ஐயன் திருவள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் இந்த மாவட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு ஹோட்டல் சுவரிலும் இருக்கின்றன, இன்னொன்று தேவையில்லை. மக்கள் நின்று பார்ப்பது தங்கள் கை வேலையை. மயிலாடியில் கல் செதுக்குபவர், புவிசார் குறியீடு வாங்கிய சிற்பத் தொழில் அது. தோவாளையில் விடியற்காலை பூ எடை போடுகிறவர், ரப்பர் பால் வெட்டுகிறவர், குளச்சலில் வலை பின்னுகிறவர், பனையேறி. அந்த வேலை தெரிந்தவர் வந்து ‘கத்திய இப்படிப் பிடிக்க மாட்டோம்’ என்று திருத்துவார். திருத்துகிற ஆள் வந்துவிட்டால் உங்கள் ஓவியத்துக்குப் பார்வையாளர் வந்துவிட்டார் என்று அர்த்தம். ஸ்கெட்ச் நிலையிலேயே அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது உத்தமம்.

வரைந்ததை நாளைக்கு யாராவது வெள்ளையடித்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பு வேறொருவர் கைக்குப் போன பின்னும் அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைத்தவனுக்குத் தருகிறது. அமர்நாத் சேகல் என்ற சிற்பி டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் கழற்றிக் கிடங்கில் போடப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் உங்கள் பக்கம் இருப்பதைச் சொல்லத்தான் இதைச் சொன்னேன், வழக்குப் போடச் சொல்லி அல்ல. கழற்றியதற்கும் தீர்ப்புக்கும் நடுவில் 26 வருஷம் போயிருக்கிறது பாருங்கள். அதைவிட ஒரு பக்க ஒப்பந்தம் மேல். எத்தனை வருஷம் படத்தைத் தொடக்கூடாது, சுவரை இடிக்கவோ வெள்ளையடிக்கவோ வேண்டியிருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், ஓவியர் பெயர் ஓரத்தில் இருக்கும், படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் கேட்க வேண்டும். நாலு வரி, இரண்டு கையெழுத்து. சட்ட நுணுக்கம் வேண்டுமென்றால் வக்கீலிடம்தான் போக வேண்டும், என் எல்லை இவ்வளவுதான்.

வேலைக்கு இறங்கும் முன் உங்கள் ஊரில் பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஊருக்கு ஊர் இரண்டு மூன்று ‘ஆர்ட்ஸ்’ கடை இருந்தது. ஃபிளெக்ஸ் வந்தபின் சிலர் ஃபிளெக்ஸ் கடைக்கே போனார்கள், சிலர் வீட்டுப் பெயின்டிங்குக்குப் போனார்கள். அவர்களுக்குச் சாரத்தில் நின்றபடி ஆறடி முகத்தைக் கோணாமல் வரையத் தெரியும். கட்டம் போடுவது, சுண்ணாம்பு நூல் அடிப்பது, கீழே ரோட்டிலிருந்து பார்க்கும்போது தலை சிறுத்துத் தெரியாமல் மேல்பகுதியைக் கொஞ்சம் பெருக்கிப் போடுவது, இதெல்லாம் வீடியோ பார்த்து வருவதைவிட அவர் பக்கத்தில் இரண்டு நாள் நின்றால் வரும். புரொஜெக்டர் வைத்துக் கோடு எடுக்கலாம்தான், ஆனால் தெருவிளக்கும் லாரி வெளிச்சமும் விடாது. அவருக்குக் கூலி கொடுங்கள். சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்களே, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி அதற்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். ஏழாவது ஆளாக அவரையே போட்டுக்கொள்ளலாம். ஆனால் முதல் இரண்டு கண்காட்சி முடியும்வரை பதிவு அவசியமில்லை. நிதியுதவி கேட்கப் போகும்போதுதான் அது வேண்டியிருக்கும்.

கண்காட்சிக்கு வருகிறேன். கேலரி இல்லை என்பதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை. மக்கள் வேறு வேலையாகப் போகும் இடத்தில் படத்தை மாட்டுங்கள். சர்ச்சின் பங்கு மண்டபம், நூலகத்தின் வாசிப்பறை, கல்லூரி அரங்கம், புத்தகக் கண்காட்சியில் ஒரு ஸ்டால். புத்தகக் கண்காட்சி எனக்குப் பிடித்தது, குடும்பமாக வருகிறவர்கள் நிற்கத் தயாராக வருகிறார்கள். ஆளைக் கூட்ட விழாவோடு சேர்க்கலாமா என்றால், எந்த விழா என்று பார்க்க வேண்டும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து விக்கிரகங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் நாளில் உங்கள் ஊரில் கூட்டம் அலைமோதும். ஆனால் அது ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம், படத்தின் முன்னால் நிற்காது. கோட்டாறு சவேரியார் திருவிழா மாதிரிப் பல நாள் நடக்கும் விழாவில், மாலை நேரம் சும்மா உலாவ வரும் கூட்டம் நிற்கும். கல்யாண முகூர்த்தம் மொய்க்கும் மாதங்களில் மண்டபமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. மழை மாதங்கள் படத்துக்கே ஆகாது, காகிதத்தில் வரைந்தவை நாலே நாளில் நெளியும், கண்ணாடிக்குள் பூஞ்சை புள்ளி வைக்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். ஏப்ரல், மே விடுமுறையில் பிள்ளைகள் கிடைப்பார்கள், மின்விசிறி இல்லாத அறையில் பெரியவர்கள் நிற்க மாட்டார்கள்.

மாட்டுவதில் கவனம் வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். சின்னப் படம், பெரிய படம் எதுவானாலும் நடு ஒரே கோட்டில். நம் ஊரில் சாமி படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டிவிட்டு எல்லாரையும் கழுத்து வலிக்கப் பார்க்க வைப்பார்கள். ஆறு பேருக்கும் தலைக்குப் பத்துப் படம் என்று பங்கு போட்டு அறுபது படத்தை நெருக்காதீர்கள். ஆளுக்கு நாலு போதும். ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊடகம் (எந்த வண்ணத்தில், எதன்மேல் வரைந்தது), அளவு, விலை எழுதுங்கள். விலையை எழுதாமல் விட்டால் கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் போய்விடுவார்கள். படத்துக்குப் பக்கத்தில் வரைந்தவர் நிற்க வேண்டும். ‘இது என்னது?’ என்று ஒரு பாட்டி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லத் தெரிந்த ஆளை முன்வாசலில் நிறுத்துங்கள். திறந்துவைக்கப் பெரிய மனிதர் வேண்டுமா என்றால், வேண்டாம். அவர் வருவதற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்து, அவர் பேச்சு முடிந்து, போட்டோ எடுத்து முடிக்கும்போது வந்தவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

விற்பனையில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் சுவரில் மாட்டப் படம் வாங்கும் வழக்கம் குறைவு என்பது என் அபிப்பிராயம். காசு வேறு வழியில் வருகிறது: ஆலய பலிபீட ஓவியம், வீட்டு வரவேற்பறைச் சுவர், ரிசார்ட், பள்ளி வகுப்பறைச் சுவர். கண்காட்சியில் படம் விற்காமல், பார்த்தவர் மூன்று மாதம் கழித்துத் தன் வீட்டுச் சுவருக்குக் கூப்பிடுவதுதான் நடக்கும். அதனால் வருகைப் பதிவேட்டில் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். அரசு வழியில், கலை பண்பாட்டுத் துறையின் கீழ் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு இருக்கிறது. மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாகக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஐந்து விருது தருகிறது, ஓவியர்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் காலம் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை 700 கிலோமீட்டர் என்று மலைக்க வேண்டாம், திருவனந்தபுரம் பக்கத்தில்தான். அங்கே 1935-இல் திறந்த ஸ்ரீ சித்ரா கலைக்கூடமும் 1881-இல் தொடங்கிய நுண்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. காலை ரயிலில் போய் மாலை திரும்பிவிடலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளோடு பழக்கம் பிடித்தால் உங்கள் கண்காட்சிக்கு விருந்தினர் ஓவியர்கள் கிடைப்பார்கள். விருந்தினர் கொண்டுவரும் படங்களைப் பார்க்கவே கொஞ்சம் பேர் வருவார்கள்.

வரிசை என்று கேட்டால் கண்காட்சி முதலில், மதில் பிறகு. கண்காட்சிக்கு வந்தவர்களில் ஒருவர்தான் மதில் தருவார். பெரிய பணத்தோடு நடந்த சென்னைக் கண்ணகி நகர் குடியிருப்புச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு அந்த அளவில் தொடங்க நினைக்காதீர்கள். அங்கே மாநகராட்சியும் பெயின்ட் கம்பெனியும் பின்னால் நின்றன. உங்களுக்கு 10 அடிக்கு 15 அடி முதலில் போதும். வேலையை ஜனவரியில் வைத்தால் சுவரைக் கழுவிக் காயவிட டிசம்பர் கடைசி வாரம் வேண்டும், அனுமதிக் கடிதம் அதற்கு இரண்டு மாதம் முன்னால் போக வேண்டும்.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் மதில் எந்தத் திசை பார்த்தது, பின்னால் மண்ணா வீடா சானலா, இப்போது மேலே என்ன பெயின்ட் இருக்கிறது, இந்த மூன்றையும் ஒரு படத்தோடு இங்கேயே எழுதுங்கள். பிரைமர் எது, தேய்க்க வேண்டுமா, அல்லது அந்த மதிலை விட்டுவிட்டு வேறு பார்க்க வேண்டுமா என்பதை அதன்பிறகு குறிப்பாகச் சொல்கிறேன்.